ஆளணிப் பட்டியலில் ஒரு வரி

ஆத்திமுனை வித்தியாலயம். கணிதம்.
அனுமதிக்கப்பட்டோர் ஒன்று.
இருப்போர் ஒன்று.
வெற்றிடம் பூச்சியம்.
மூன்று வருடமாக இந்த வரியைத்
தட்டச்சு செய்பவள் நான்,
பிழையில்லாமல்.

அந்த ஒன்றுக்குப் பெயர் குலவீரசிங்கம்.
சம்பளம் ஆத்திமுனையில்.
ஆள் திருகோணமலைப் பட்டணத்தில்,
ஒரு பெரிய பாடசாலையில்,
தற்காலிக இணைப்பு.
தற்காலிகத்துக்கு எங்கள் அலுவலகத்தில்
ஓய்வூதியம் வரை ஆயுள்.
குறை சொல்லவும் வாய் வரவில்லை:
மனைவிக்குக் கிழமையில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும்,
ஆஸ்பத்திரி இங்கேதான்.
மருத்துவ அறிக்கையைத் துளையிட்டுக்
கோவையில் கோத்தவளும் நான்.

பெறுபேறு வந்தது.
தோற்றியோர் பதினேழு என்று அடித்தேன்.
தோற்றோர் என்று விரல் வழுக்கியது, திருத்தினேன்,
பிறகு சித்தி என்ற கட்டத்தில் பூச்சியம் போடும்போது
எதற்குத் திருத்தினேன் என்றிருந்தது.
இந்தப் பூச்சியம் வேறு கோவை.
அலுமாரியில் அது கீழ்த்தட்டு, மற்றது மேல்தட்டு.
ஒன்றையொன்று பார்த்ததில்லை.

கேட்டால் கோட்டம் வலயத்தைக் காட்டும்,
வலயம் மாகாணத்தை,
மாகாணம் கொழும்பை.
கொழும்பு, அது மாகாணப் பாடசாலை அல்லவா என்று
கடிதத்தைக் கீழே அனுப்பும்.
கோட்டம் என்றால் வளைவு,
வலயம் என்றால் வட்டம்.
பெயர் வைத்தவர் ஒளிக்கவில்லை.

காசு வராமலும் இல்லை.
தலை எண்ணி வரும்.
தலை குறைந்தால் காசு குறையும்,
காசு குறைந்தால் இன்னும் இரண்டு தலை
மூதூருக்கு பஸ் ஏறும்.
வந்ததும் ஒக்டோபரில் வந்து,
மூன்று விலைமனு கேட்டு,
ஊரில் ஒரு கடைதான் உண்டு என அதிபர் எழுதி,
அதற்கு நாங்கள் விளக்கம் கோரி,
டிசம்பர் முப்பத்தொன்றில்
திறைசேரிக்குத் திரும்பிப் போகும்.
நண்டு பிடிக்கிறவர்கள் வீட்டுக்கு இருநூறு போட்டு
தொண்டர் ஆசிரியை ஒருத்தியை வைத்திருந்தார்கள்.
கடல் கொந்தளித்த மாதங்களில் அவளுக்கும் ஒன்றுமில்லை.
என் பட்டியலில் அவளுக்குக் கட்டமே இல்லை.

திங்கட்கிழமை
பாடசாலைப் படலையைப் பூட்டிவிட்டு
கொட்டியாரத்தைச் சுற்றி, பாலங்கள் எல்லாம் கடந்து
வந்திறங்கினார்கள்.
பஸ் நிலையத்தில் மான்கள் காகிதம் தின்றனவாம்.
"இதுகளுக்கும் கடிதம்தான் சாப்பாடு" என்று
ஒரு பொடியன் படியேறும்போதும் சொல்லிக்கொண்டே வந்தான்.

பணிப்பாளர் கூட்டத்தில்.
உண்மையாகவே கூட்டத்தில்.
பொருள்: கணிதச் சித்தி வீதத்தை உயர்த்தல்.

தவக்கொடி என்ற பெண்
என் மேசையில் ஒரு திறப்பை வைத்தாள்.
"உங்கட பட்டியல்லதானே சேர் இருக்கிறார்.
பிள்ளையளையும் அதிலயே ஏத்திவிடுங்க.
பள்ளிக்கூடம் எங்களுக்கு என்னத்துக்கு?"
ஈரக் கயிறு கோத்த திறப்பு.
பக்கத்து மேசை நிஸ்வான்
இதை எந்த இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது என்றான்.
அவன் பகிடி விடவில்லை.
திறப்பு ஒன்று, பெற்றுக்கொண்டேன் என்று
பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
அதை நாலாய் மடித்து அவள் சீலைத் தலைப்பில் முடிந்தாள்.

எல்லோரும் போன பிறகு பட்டியலைத் திறந்தேன்.
இருப்போர் கட்டத்தில் ஒன்றை அழித்தேன்.
வெற்றிடம் தானாக ஒன்றாயிற்று,
அடியில் மாகாணத்தின் மொத்தமும் ஒன்றால் அசைந்தது.
சேமிக்கவா என்று கேட்டது கணினி.
வாசலில் நிழல்.
குலவீரசிங்கம், இணைப்பை நீடிக்கும் விண்ணப்பத்தோடு,
சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு எட்டிப் பார்க்க.

வாங்கினேன். திகதி முத்திரை குத்தினேன்.
மற்றக் கையால் சேமித்தேன்.

அவர் மேசையைப் பார்த்தபடி நின்றார்.
கயிறு இன்னும் காயவில்லை.
"அந்தப் பூட்டு சும்மா திறக்காது, தங்கச்சி," என்றார்.
"ஒருக்கால் மேலே தூக்கித்தான்
திருப்ப வேணும்."